அறை பதிவு செய்யும் முன் கேளுங்கள்: கடலுக்கு வழி எங்கே?

கோடை விடுமுறை நெருங்கினால் அணுபுரம் போன்ற ஒன்றிய அரசு ஊழியர் குடியிருப்புகளில் ஒரே பேச்சுதான். இந்த முறை எல்.டி.சி.யில் எங்கே போவது? சொந்த ஊருக்குப் போகும் சலுகையை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்று ஒன்றிய அரசு பல ஆண்டுகளாக அனுமதித்து வருவதால், அந்தமான் முதலில் வரும். கையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் மாலத்தீவு என்பார்கள். லீவு கிடைக்காதவர்கள் கல்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் ரிசார்ட் தேடுவார்கள்.

மூன்றுக்கும் விளம்பரப் படம் ஒன்றுதான். நீலக் கடல், வெள்ளை மணல், இரண்டு சாய்வு நாற்காலி. மனிதர் ஒருவரும் இல்லை. வலை இல்லை, படகு இல்லை, கருவாடு காயவில்லை, குழந்தைகள் இல்லை. அந்த வெறுமைக்குத்தான் விலை. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை எந்த நட்சத்திரக் குறியீடும் கேட்பதில்லை. சாதி ஒழிப்பு பேசுகிற நாமாவது கேட்க வேண்டாமா?

மாலத்தீவில் 1972-இல் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அதன்பின் அங்கே வளர்ந்த முறை, ஒரு தீவுக்கு ஒரு விடுதி. உள்ளூர் மக்கள் வாழும் தீவு வேறு, விருந்தினர் தங்கும் தீவு வேறு. மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் பரவலானது 2009-க்குப் பிறகுதான். அதுவரை, உள்ளூர்க்காரர் ரிசார்ட் தீவுக்குள் வருவது பெரும்பாலும் வேலையாளாகத்தான். ஊரும் கிடையாது, சேரியும் கிடையாது, குப்பமும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர் மட்டும். சொகுசுச் சுற்றுலாவின் கனவு இதுதான். மாலத்தீவில் கடல் செய்கிற பிரிவினையை நம்முடைய கடற்கரையில் சுற்றுச்சுவர் செய்கிறது.

அந்தமானில் இன்னொரு கொடுமை. அங்கே மண்ணின் மக்களை மறைக்கவில்லை, காட்சிப் பொருளாக்கினார்கள். ஜாரவா மக்களின் காட்டைப் பிளந்து போகும் அந்தமான் நெடுஞ்சாலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாகப் போனதும், ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த காணொளி 2012-இல் உலகம் முழுக்கப் பரவியதும் நினைவிருக்கும். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் போக்குவரத்தைச் சில வாரங்கள் நிறுத்தியது. பிறகு மீண்டும் வண்டிகள் ஓடின. நம் பக்கத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர்கள் பாம்பின் விஷம் எடுப்பதையும் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது 1978-இல் தொடங்கிய இருளர்களின் சொந்தக் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் எடுக்கும் விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அங்கே அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, தொழில் வல்லுநர்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்த வல்லமைக்காக.

இனி நம் சாலைக்கு வருவோம். கோவளத்தில் பழைய டச்சுக் கோட்டையின் இடிபாட்டின் மீது 1974-இல் தாஜ் குழுமம் ஒரு விடுதி கட்டியது. பெயர் ஃபிஷர்மேன்ஸ் கோவ். தமிழில் சொன்னால் மீனவர் விரிகுடா. மீனவர் பெயரில் விடுதி இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கும் கட்டணம் எந்த மீனவருக்குக் கட்டுப்படியாகும்? அதற்குப் பிறகு சாலை அகலமாகி, அரை நூற்றாண்டுக்குள் இந்தக் கரையில் எத்தனையோ சுவர்கள் எழுந்துவிட்டன. ஒவ்வொன்றும் ‘பிரைவேட் பீச்’ என்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அலை வந்து போகும் மணல் யாருக்கும் பட்டா இல்லை. அது பொதுச் சொத்து.

அது மட்டுமல்ல. 1991 பிப்ரவரி 19 அன்று வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே கடற்கரை விடுதிகளுக்குத் தனி நெறிமுறை உண்டு. பொதுமக்கள் கடலுக்குப் போக, இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும் என்கிறது அது. விடுதி போடும் வேலி மக்கள் கடலுக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. 20 மீட்டர் என்பது சின்ன அளவில்லை. இரண்டு லாரி எதிரெதிரே வந்தாலும் தாராளமாகப் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும்போது இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள். இரண்டு ரிசார்ட் மதிலுக்கு நடுவில் 20 மீட்டர் வழி எத்தனை இடத்தில் கண்ணில் படுகிறது, அதில் எத்தனை வழியில் பூட்டோ கேட்டோ இல்லாமல் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வழி என்பது நமக்குச் சாதாரணச் சொல் அல்ல. இதே செங்கல்பட்டுச் சீமையில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்று அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். இரண்டிலும் சட்டப்படி எல்லோருக்குமான பொது இடத்தைச் சாதி பூட்டி வைத்திருந்தது. பூட்டை உடைக்க வேண்டியிருந்தது.

உத்தப்புரத்துத் தீண்டாமைச் சுவரும் ரிசார்ட் சுவரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவர், சாதியின் பெயரைச் சொல்லியே நின்றது. ரிசார்ட் சுவர் சாதி கேட்பதில்லை, கட்டணம் கேட்கிறது. ஆனால் நிலம் யாரிடம், பணம் யாரிடம், கூலி யாரிடம் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட நாட்டில், கட்டணம் கேட்டாலே போதும். சாதி கேட்கும் வேலை மிச்சம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் இலவச வீடு. போக மறுத்தால் பழைய இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடைக்காது. 2005-இல் தமிழக அரசு போட்ட ஆணை இது. பாதுகாப்பு என்ற காரணத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாதுதான். இலங்கையிலும் இப்படி ஓர் இடைவெளி அறிவித்தார்கள். அருகம்பேயில் மீனவர்களை விலக்கிவிட்டு ஹோட்டல்களை விட்டு வைத்தார்கள் என்று அந்த மக்கள் போராடினார்கள். இங்கே என்ன ஆயிற்று? மீனவருக்கு ஆபத்து என்று சொன்ன அதே 200 மீட்டர், 2019-இல் வந்த புதிய அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊரகக் கடற்கரைகளுக்கு 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பதினான்கு ஆண்டுகளில் கடல் சாதுவாகிவிட்டதா?

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரை என்றால் மீனவர், மீனவர் என்றால் பட்டினவர் என்று முடித்துக்கொள்வது நமக்கு அழகல்ல. ஆழிப்பேரலை நிவாரணத்தில் தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. படகு இல்லாதவர், வலை இல்லாதவர், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர் மீனவர் கணக்கில் வரவில்லை. குப்பத்துக்கும் காலனிக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த ரிசார்ட்டும் உருவாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. கடலுக்கான வழி திறக்கும்போது யாருக்குத் திறக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நிலத்தைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கையிலிருந்துதான் பிறந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் ஓர் ஏக்கர் நிலத்தைக் காட்டி ‘அழகான இடம்’ என்று யாராவது சொன்னால், சர்வே எண் என்ன என்று கேட்பதுதான் நம் வழக்கமாக இருக்க வேண்டும்.

பூஞ்சேரியும் இந்தக் கரைதான். மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் ஒரு நரிக்குறவர் பெண் துரத்தப்பட்ட செய்தி 2021-இல் வெளியானது. அமைச்சர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்; அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே பூஞ்சேரியின் நட்சத்திர விடுதியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒரே ஊர்ப் பெயர், இரண்டு உலகம்.

ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது விடுதியின் முன்பக்கம் அல்ல, பின்பக்கம். கரையோர ஊராட்சிகள் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது. ஐம்பது அறை, ஐம்பது கழிப்பறை, நீச்சல் குளம், சமையலறை. இத்தனையின் கழிவும் விடுதிக்குள்ளேயே ஒரு தொட்டிக்குப் போகிறது. அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பக்கத்து மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் சொகுசு விடுதியில் 2022 அக்டோபரில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவில் இறந்தார்கள். மனிதரைப் பாதுகாப்பின்றி மலக்குழியில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. தொட்டிக்குள் இறங்குபவர் எந்தச் சாதி என்பதைச் சட்டம் சொல்லவில்லை, நமக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 2019 அக்டோபர் 12 காலையில் பிரதமர் இந்தக் கடற்கரையில் குப்பை பொறுக்கியது பெரிய செய்தியானது. தினமும் காலையில் அதையே செய்பவர்கள் செய்தியாக வேண்டுமானால் தொட்டிக்குள் சாக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் யாரும் ரிசார்ட்டுக்கே போகக் கூடாதா? இல்லை. இதில் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் ஒரு தலித் குடும்பம் பிள்ளைகளோடு நல்ல அறையில் தங்கி, ஏசியில் தூங்கி, நீச்சல் குளத்தில் இறங்கினால் அதைப் பார்த்து முகம் சுளிக்கும் இடதுசாரி எளிமையில் எனக்கு நம்பிக்கையில்லை. தண்ணீரில் இறங்கும் உரிமைக்காகப் போராடிய சமூகத்துக்கு ஓய்வும் சுகமும் உரிமைதான். போங்கள். ஆனால் காசு கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் நம் பாட்டன் பூட்டனுக்கு இருந்ததில்லை. கடல் தெரியும் அறையா, காலை உணவு உண்டா என்று கேட்கும் அதே தொலைபேசி அழைப்பில் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். உங்கள் மதிலுக்குப் பக்கத்தில் ஊர்மக்கள் கடலுக்குப் போக வழி இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா? உங்கள் கழிவுநீர்த் தொட்டியை இயந்திரம் சுத்தம் செய்கிறதா, ஆள் இறங்குகிறாரா? ‘அதெல்லாம் கான்ட்ராக்டர் பாத்துப்பாரு சார்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஏன் வேறு இடம் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டு போனை வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது தனி. கடலோர ஒழுங்குமுறையைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு இருக்க வேண்டும், அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் குழு கோவளம் முதல் மாவட்டத்தின் தெற்கெல்லை வரை கடலுக்குப் போகும் ஒவ்வொரு வழியையும் அளந்து, சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் முகப்பிலும் ‘இது பொது வழி’ என்று தமிழில் பலகை நட வேண்டும். குழுவில் இருளருக்கும் ஓர் இடம் வேண்டும்.