கதை எழுத யாருக்கு நேரம்?

மருதமுனையில் தறியில் அமர்ந்திருக்கும் தொழிலாளியிடமும், கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பவரிடமும் கதைக்குப் பஞ்சமில்லை. ஜின்னும் பேயும் களவும் நையாண்டியும் அவர்தம் வாய்ப்பேச்சிலே உயிர்பெற்று உலவுகின்றன. அவை ஏன் திரைக்கதை ஆவதில்லை?

திறமையில்லை என்பார் சிலர். பொய்! இல்லாதது நேரம். திரைக்கதையொன்றை எழுதித் திருத்த மாதங்கள் வேண்டும். நெய்த துணிக்கே கூலி. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

1962இல் 'சமுதாயம்' ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்துக்கு வழி திறந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் இயங்கத் தொடங்கியது. எனினும், உதவி என்றால் படமெடுப்பவருக்குக் கடன் என்ற எண்ணமே நம்மிடம் வேரூன்றிவிட்டது. எழுதுபவர் எதைத் தின்று எழுதுவார் என்று கேட்டவர் எத்தனை பேர்? இந்தியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமோ 2007இல் திரைக்கதையாளருக்கெனப் பட்டறை தொடங்கி, பிரதியை எழுத்து நிலையிலேயே வளர்க்க முன்வந்தது.

குற்றம் அரசினது மட்டுமன்று. பேய்ப்படம், துப்பறியும் படம் என்றதும் முகஞ்சுளிக்கும் முற்போக்காளர் நம்முள்ளும் உளர். தொழிலாளி தன் துன்பத்தை மட்டுமே எழுதவேண்டும் என்று கட்டளையிட நாம் யார்? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது அம்பாறைக் கரையில் ஆயிரமாயிரம் உயிர்கள் மாண்டன. கடலச்சத்தை இம்மக்களினும் அறிந்தவர் எவர்? அவர்கள் எழுதும் பேய்க்கதையில் வெறுந்திகில் மட்டுமா இருக்கும்?

நாம் கேட்பது தருமமன்று. ஆறு மாதக் கூலி, உடனிருந்து திருத்தும் ஆசான், பிரதியின் உரிமை எழுதியவருக்கே: இம்மூன்றுமே. இவற்றைக் கொடுக்காமல் மக்கள் கலை, மக்கள் கலை என்று மேடையில் முழங்குவது மக்களை ஏய்ப்பதாகும்.