அட்டெண்டருக்கு யார் சொல்லித் தருவது?

டிஸ்சார்ஜ் அன்று கையில் இரண்டு தாள் கொடுப்பார்கள். ஒன்று பில், இன்னொன்று சம்மரி. பில்லில் கையுறை, சிரிஞ்சு, டயப்பர், பிசியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். சம்மரியின் அடியில் ‘பிசியோ தொடரவும்’ என்று எழுதியிருப்பார்கள். இனி வருஷக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிற ‘அட்டெண்டர்’ என்ன கற்றுக்கொண்டு போகிறார் என்பதற்கு இரண்டிலும் இடம் கிடையாது.

பெரம்பலூர் பக்கம் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய என் மாமாவுக்கு நடந்ததும் இதுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, அத்தை அவரது விழுந்துபோன கையைப் பிடித்தே தூக்கினார். அவருக்கு யாரும் வேறுவிதமாகச் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நாளில் மாமா தோள்பட்டை வலியில் கத்த ஆரம்பித்துவிட்டார். பிறகு திருச்சியில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அத்தையை உட்காரவைத்துப் பேசினார். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். நாற்காலியை நல்ல கால் இருக்கிற பக்கம் போட வேண்டும். கரண்டிக் காம்பில் துணி சுற்றினால் அவரே பிடித்துச் சாப்பிடுவார். சொன்னதோடு விடாமல் அத்தையைச் செய்துகாட்டச் சொன்னார். ரசீதில் ‘கன்சல்டேஷன்’ என்று மட்டும் இருந்தது.

இப்படிச் சொல்லித்தரும் நேரத்துக்கு அமெரிக்காவின் அரசுக் காப்பீடான மெடிகேர் 2024 ஜனவரி 1 முதல் தனியாகப் பணம் தருகிறது. நோயாளி உடன் இல்லாமல் பராமரிப்பவருக்கு மட்டும் பயிற்சி தந்தாலும் பில் போடலாம். முதல் 30 நிமிடத்துக்கு 97550 என்ற பில் குறியீடு, அதற்குமேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 97551, பல குடும்பங்களைச் சேர்த்துவைத்துக் கற்பித்தால் 97552. நோயாளியின் சம்மதம், பயிற்சியின் நோக்கம், சொல்லித்தந்தது என்ன, எவ்வளவு நேரம் ஆனது என எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். எழுதாவிட்டால் பணம் வராது.

நம் சட்டமும் பராமரிப்பாளரை மறந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பெற்றோர் உட்படப் பார்த்துக்கொள்பவர் எவரையும் பராமரிப்பாளர் என்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் படி வேறு, பயிற்சி வேறு.

அரியலூர் சாலைகளில் சிமென்ட் லாரிகள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் அருமை தெரியும். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு பொறுப்பேற்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர் வீட்டில் 49-ஆவது மணியும் வரும். படுக்கைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவர் மனைவியோ அம்மாவோதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சிகிச்சையை மையமாக வைத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே பிசியோவை அனுப்புகிறது. பராமரிப்பவருக்குச் சொல்லித்தரவும், சொல்லித்தந்ததைப் பதியவும் அதைவிடத் தோதான இடம் இல்லை.

முடியாத காரியமா என்றால், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் செய்துகொண்டிருக்கிறது. அதன் பணியாளர்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வீட்டுக்கே போய் அம்மாவுக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தோடு பராமரிப்பவரின் பாரத்தையும் அளந்து செயலியில் ஏற்றுகிறார்கள். சங்கத்தை 1981-இல் நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு உடல் செயலிழந்தவர்.

பில்லில் ஒரு வரி கூடினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் சொல்லித்தராமலே ‘அட்டெண்டர் டிரெய்னிங்’ என்று ஒரு தொகை ஏறிவிடும். அதனால் நோயாளியின் பையிலிருந்து எடுக்கிற பில்லாக இது இருக்கக் கூடாது, காப்பீடு தர வேண்டும். அதற்கு முன்பே பதிவு வர வேண்டும். அந்தப் பதிவிலும் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற வாசகத்துக்கு மதிப்பே கிடையாது. யார் கற்றார், எதைக் கற்றார், தெரபிஸ்ட் முன்னால் தானே செய்துகாட்டினாரா என்ற மூன்றும் தமிழில், பராமரிப்பவரின் கையெழுத்தோடு இருந்தால் போதும். 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இதை ஒரு பக்கப் படிவமாக நாளைக்கே தொடங்கலாம். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம்.

படிவம் வரும்வரை நீங்களே கேளுங்கள். டிஸ்சார்ஜ் தேதி சொன்னதும், பில் கவுன்டருக்குப் போகும் முன், தெரபிஸ்டையோ பிசியோவையோ வரச்சொல்லி, வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவரையே ஒருமுறை தூக்க, புரட்ட, ஊட்டச் செய்து பாருங்கள். அதைச் சம்மரியில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.