நாற்பதும் தொண்ணூறும் ஏறக்குறைய ஒன்றுதான்

யாழ்ப்பாணத்து நாளிதழில் ‘மசகு எண்ணெய் விலை உயர்வு’ என்று தலைப்பு வந்தால், அதைப் படிக்கும் மதுரைக்காரர் வண்டிக்கு ஊற்றும் ஆயில் விலை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். செய்தியோ பீப்பாய்க் கணக்கில் விற்கும் கச்சா எண்ணெயைப் பற்றியது. தமிழ்நாட்டில் எந்திரத்துக்குப் போடும் வழுவழுப்புப் பொருளுக்கு வழங்கும் பெயர், இலங்கைத் தமிழில் நிலத்தடியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்காத எண்ணெய்க்குப் போய்விட்டது. மண்ணெண்ணெய்க்கும் பல பெயர்கள். சில ஊர்களில் அது சீமெண்ணெய். சில ஊர்களில் ‘கெரசின் ஆயில்’ வாயில் புரண்டு ‘கிருஷ்ணாயில்’ ஆகிவிட்டது. எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய்தானே. எள்ளுக்கும் டீசலுக்கும் என்ன உறவு?

இந்தக் குழப்பங்களால் பெரிய நட்டமில்லை. கிருஷ்ணாயில் கேட்டவருக்கு எந்தக் கடைக்காரரும் வேறெதையும் ஊற்றிக் கொடுத்ததில்லை. ஆனாலும் தமிழில் தொழில்நுட்பச் சொல் என்றதும் நம் அக்கறையெல்லாம் பெயர்ச்சொல்லிலேயே நின்றுவிடுகிறது. உயவு எண்ணெயா, மசகு எண்ணெயா? பாகுநிலையா, பிசுக்குமையா? பட்டறையில் அது ஆயில், இது கிரீஸ், இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே உண்மையில் புழங்கும் கலைச்சொற்கள் எண்கள். அவற்றை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

‘நாற்பது ஒரு லிட்டர்’, ‘தொண்ணூறு ரெண்டு’, ‘அறுபத்தெட்டு ஒரு பேரல்’. உதிரிபாகக் கடையில் கேட்கிற பேச்சு இது. எண் பெரிதானால் ஆயில் கெட்டி என்பது கேட்பவர், கொடுப்பவர் இருவரின் நம்பிக்கை. பாதி மட்டுமே சரி. எஞ்சின் ஆயிலில் 40 என்றால், 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். (அறை வெப்பத்தில் தண்ணீருக்கு ஏறத்தாழ 1.) கியர் ஆயிலில் 90 என்றால், அதே 100 டிகிரியில் 13.5 முதல் 18.5. ஆக, நாற்பதும் தொண்ணூறும் கெட்டியில் அண்ணன் தம்பிகள். இரண்டும் ஒரே அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த அளவுகோல்கள்தாம். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகவே கியர் ஆயிலுக்கு எண்களை எட்டத்தில் வைத்தார்கள் என்பார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது: கியர் ஆயிலில் பல்சக்கர அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. எஞ்சினுக்கு அவை ஆகாது.

அறுபத்தெட்டோ வேறு வீட்டுப் பிள்ளை. ரிக் வண்டிகளின் ஹைட்ராலிக் தொட்டியிலும் கம்ப்ரசரிலும் அதிகம் புழங்கும் இந்த எண், ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் அளவு. அது அளக்கும் வெப்பம் 100 டிகிரி அல்ல, 40 டிகிரி. மூன்றில் நேர்மையான எண் இதுதான்: 40 டிகிரியில் பாகுநிலை 68 சென்டிஸ்டோக், பத்து விழுக்காடு முன்பின். அதே ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். எஞ்சின் கணக்கில் அது 20. அதாவது நாற்பது, அறுபத்தெட்டு, தொண்ணூறு மூன்றில் மிகவும் இளகியது நடுவில் நிற்கும் அறுபத்தெட்டு!

எஞ்சின் ஆயில் டப்பாவில் வரும் 20டபிள்யூ-40 என்பதில் உள்ள டபிள்யூவை ‘வெயிட்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 20டபிள்யூ என்ற தகுதிக்கு எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்ப்பது மைனஸ் 15 டிகிரியில். ஊட்டியின் உறைபனிக்கும் அங்கே வேலையில்லை.

கெட்டியைச் சூட்டோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் அடுப்பைவிட்டு இறக்குவதற்கு முன் பதம் பார்ப்பார்கள். ஆயிலை மட்டும் விரலிடுக்கில் தேய்த்து, ‘நல்ல கெட்டி’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். விரலின் சூட்டில் தெரிவது, 100 டிகிரியில் பிஸ்டனுக்குப் பக்கத்தில் அது எப்படி ஓடும் என்பதைச் சொல்லாது.

கிரீஸின் கதை இன்னும் வேடிக்கை. டப்பாவில் ‘நம்பர் 2’ என்று இருந்தால், ரெண்டாம் நம்பர் சரக்கோ என்று நம் ஊர்க் காது சந்தேகப்படும். அது 25 டிகிரியில் ஐந்து விநாடியில் ஒரு கூம்பு கிரீஸுக்குள் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்குகிறது என்பதன் சுருக்கம்.

வடிகட்டியில் குழப்பம் எண்ணோடு நிற்கவில்லை, சொல்லுக்குள்ளும் இருக்கிறது. ‘10 மைக்ரான் ஃபில்டர்’ என்றதும் மனத்தில் வருவது சல்லடை: ஓட்டை பத்து மைக்ரான், அதைவிடப் பெரியது நிற்கும், சிறியது விழும். ஆனால் ஃபில்டர் தாள் சல்லடையே அல்ல. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நார்ப்படுகை. எத்தனை துகள் சிக்கும் என்பது விகிதக் கணக்கு. அந்த விகிதத்துக்குப் பீட்டா என்று பெயர். 10 மைக்ரானுக்குப் பீட்டா 200 என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 200 வந்தால் ஒன்று தப்பிப்போகும். பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பும். இரண்டு ஃபில்டர்களின் அட்டையிலும் ‘10 மைக்ரான்’ என்றே இருக்கலாம்; விலை வித்தியாசத்தைப் பார்த்து, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று மலிவானதை வாங்கி வருவோம். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். தப்பிப்போன துகளைக் கண் காட்டிக்கொடுக்காது. பம்பு தேய்ந்த பிறகு பழி ஆயிலின் மேல் விழும்.

மொழிபெயர்த்த இடத்திலோ வேறு வினை. ‘ஹைஸ்பீடு டீசல்’ தமிழில் ‘அதிவேக டீசல்’ ஆனது. வேகம் எஞ்சினின் சுழற்சிக்கு உரியது, வண்டிக்கு அல்ல. ஆக்டேன் எண்ணும் அப்படியே. எஞ்சினுக்குள் நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறனை அது அளக்கிறது, பெட்ரோலின் பலத்தை அல்ல.

ஆயிலையும் ஃபில்டரையும் தமிழாக்கக் குழு போட வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பாடநூல் தயாரிக்கும் நிமி நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. டீசல் மெக்கானிக் படிக்கும் பையனுக்கு எஞ்சின், கியர், ஐ.எஸ்.ஓ. என்னும் மூன்று ஆயில் அளவுகோல்களையும் அருகருகே வைத்து ஒரு பக்க அட்டவணை போதும். தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வரிதான் வேலை: ‘100 டிகிரியில் பாகுநிலை இத்தனை’ என்று தமிழில். அதற்கு டப்பாவில் இடமும் இருக்கிறது. இப்போது அங்கே பந்தயக் கார் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது.