மாரிக் குளிரும் கைத்தொழிற் கொட்டகையும்

மார்கழி பிறந்தால் மாத்தளை மாவட்டத்து மலைச்சாரல்களின் கோலமே மாறிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் வந்து மோதும். மழையும் மூடுபனியும் மாறி மாறி முற்றத்தை ஆளும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலுள்ள மாத்தளை நகரில் ஒரு போர்வையோடு இரவைக் கழித்துவிடலாம். இறத்தோட்டையைக் கடந்து, ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரமுள்ள ரிவர்ஸ்டனை நோக்கி ஏறுவோர்க்கோ அந்தப் போர்வை போதாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்பது புவியியல் பயிலும் மாணவர்கள் அறிந்த கணக்கே. அந்தக் கணக்கை ஏட்டில் அல்லாது எலும்பில் உணர்பவர்கள் மலைநாட்டு மக்கள்.

இச்சாரல்களிலே வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகை பல இல்லங்களில் உண்டு. முச்சக்கர வண்டியோ மோட்டார் சைக்கிளோ நிற்பதற்கென்று கட்டப்படுவது அது. நாளடைவில் அதன் ஒரு மூலையில் ஒரு மேசை வந்து சேரும். உளியும் வாளும் சீவுளியும் அதன் மேல் ஏறும். பகலெல்லாம் வேறு தொழில் பார்க்கும் தந்தையர், மாலையில் அங்கே நாற்காலிக்குக் கால் பொருத்துவர். அயலாரின் கதவைச் செப்பனிட்டு நாலு காசும் தேடுவர். மாரிக்காலத்தில் அந்தக் கொட்டகையை எவ்வாறு வெம்மையாக வைத்திருப்பது என்பதே இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருள்தானே என்று நேயர்கள் எண்ணவேண்டா. அதில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதை நாம் ஒரு நண்பரின் இல்லத்திலே கண்டோம்.

இறத்தோட்டைக்கு மேலே வாழும் அந்நண்பர் இளைப்பாறிய ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன்னர், தைப்பொங்கலுக்குள் பேத்திக்கு ஒரு படிப்பு மேசை செய்து முடிப்பதென்று அவர் உறுதி பூண்டிருந்தார். அன்றிரவு குளிர் கடுமையாக இருந்தது. பழைய இரும்புச் சட்டியொன்றில் சிரட்டைக்கரித் தணலை வாரிக்கொண்டு வந்து வைத்து, கதவையும் சாளரத்தையும் இறுகச் சாத்திவிட்டு வேலையில் அமர்ந்தார். பக்கத்திலே பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, தலை வலிக்கிறது” என்றாள் சிறுமி.

“தணல்தானே அம்மா, புகை இல்லையே. இன்னும் கொஞ்சம் படி, சாப்பிடப் போகலாம்” என்றார் அவர்.

உணவுக்கு அழைக்க வந்த பாட்டி கதவைத் திறந்தபோது, சிறுமி மேசை மீது தலை சாய்ந்திருந்தாள்; தாத்தா எழ முயன்று சுவரோரம் சரிந்திருந்தார். அயலார் ஓடிவந்து இருவரையும் வெளியே தூக்கினர். மருத்துவமனையில் ஒட்சிசன் கொடுக்கப்பட்டது, இருவரும் பிழைத்தனர். பாட்டி இன்னும் கால்மணி நேரம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் அவ்வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. புகையாமலே நெருப்பு கொல்லும் என்பது அந்தக் கொட்டகை தந்த பாடம். கரி எரியும்போது போதிய காற்றுக் கிடையாவிடின் காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலுவோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே மூச்சு வந்து போய்க்கொண்டிருக்கும்போதே உடல் ஒட்சிசனின்றித் தவிக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், கைகால் தளர்ச்சி என்பன அதன் அறிகுறிகள். ஓர் அறையிலிருக்கும் இருவர் மூவருக்கு ஒரே வேளையில் தலை வலித்து, வெளியே வந்ததும் தெளியுமாயின் அதைத் தடிமன் என்று எண்ணி ஏமாறலாகாது. உடனே யாவரும் வெளியேறவேண்டும். மயங்கியவரைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்கவேண்டும். மின்வெட்டு நேரத்தில் மூடிய கொட்டகைக்குள் மின்பிறப்பாக்கியை இயக்குவதும், வண்டியின் இயந்திரத்தை ஓடவிடுவதும் இதே அபாயத்தைத் தருவனவே.

அவ்வாறாயின் குளிரில் விறைத்தே வேலை செய்வதா? இல்லை. வழியை நமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளே காட்டியுள்ளன. அங்கே கொழுந்தை உலர்த்துவதற்குச் சூட்டுக் காற்று வேண்டும்; ஆனால் விறகின் புகை பட்டாலோ தேயிலையின் மணம் கெடும். ஆதலால் விறகு ஒரு புறம் உலையில் எரிகிறது. அதன் புகை புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது. உலையின் சூடேறிய இரும்புக் குழாய்களைத் தழுவி வரும் தூய காற்று மட்டுமே கொழுந்தை அடைகிறது. நெருப்பை வெளியே நிறுத்தி, வெம்மையை மட்டும் உள்ளே அழைக்கும் முறை இது. தேயிலையின் மணத்துக்குக் காட்டும் அக்கறையை மனிதரின் மூச்சுக்கும் காட்டலாமன்றோ?

இம்முறையை ஏழை இல்லத்திலும் செலவின்றிக் கையாளலாம். இராச்சமையல் முடிந்தபின் அடுப்பில் எஞ்சும் தணலிலே ஒரு பெரிய பாத்திரம் நீரை ஏற்றுங்கள். 90 பாகைக்குச் சூடேறிய 10 லீற்றர் நீர், 20 பாகைக்கு ஆறும்வரை வெளிவிடும் வெப்பம், 100 வாற்று மின்குமிழொன்று எட்டு மணி நேரம் எரிந்து தரும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். அதே நிறையுள்ள செங்கல்லைச் சூடாக்கினால், நீர் தேக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கே அதில் தேங்கும். மாணவர்கள் தன்வெப்பக் கொள்ளளவுப் பாடத்தைக் கொண்டு இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். பாத்திரத்தை மூடியால் நன்றாக மூடி, குழந்தைகளின் கையும் காலும் படாத இடத்தில் வைக்கவேண்டும். மூடாவிடின் நீராவி எழுந்து கொட்டகையை ஈரமாக்கும். இடறினால் கொதிநீர் உடலைச் சுடும்.

பெற்ற வெம்மையைக் காப்பது அடுத்த கடமை. தகரக் கூரை இரவில் தன் சூட்டை வானுக்கு இறைத்துவிட்டு, விடியுமுன் உட்புறத்தில் நீர்த்துளி கோக்கும். கூரைக்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டுப் பலகையாலோ மூங்கிற் தட்டியாலோ ஒரு தட்டு அமைத்தால் குளிரும் குறையும், சொட்டும் நிற்கும். காற்று அடிக்கும் திசையிலுள்ள இடுக்குகளை அடையுங்கள். ஆனால் காற்றுப் போக்குக்குச் சுவரின் உச்சியில் ஒரு துவாரத்தை விடத் தவறாதீர்கள். சீமெந்துத் தரை காலின் சூட்டை உறிஞ்சும். நிற்குமிடத்தில் ஒரு பலகையை இடுங்கள். இவை யாவற்றினும் எளிய வழி, அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைத்திருப்பது. முன்னாளில் தேயிலை மலையில் நமது பாட்டிமார் குளிர்மழையிற் கம்பளியைப் போர்த்திக் கொழுந்து பறித்ததை நாம் மறக்கலாமா?

குளிரினும் கருவிகளுக்குப் பகை ஈரமே. இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த உளியின் மேல், காலையில் ஈரஞ்சுமந்த வெதுவெதுப்பான காற்றுப் பட்டால் வியர்வை அரும்புவது போல நீர் படியும். பின்பு துரு ஏறும். கருவிகளை எண்ணெய்த் துணியாற் துடைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள். காற்றின் வெப்பநிலை 10 பாகை ஏறினால் அதன் சாரீரப்பதன் ஏறத்தாழப் பாதியாகும். பெட்டிக்குள் சிறிய இழைக் குமிழொன்றை எரியவிடும் பழைய வழக்கத்தின் இரகசியம் அதுவே. இன்று பரவியுள்ள எல்.இ.டி. குமிழ்கள் அவ்வளவு சூடு தருவதில்லை என்பதை நினைவிற் கொள்க. குமிழை மரமோ துணியோ தொடாதபடி பொருத்தவேண்டும் என்பதையும் மறவற்க.

வஜ்ஜிரம் குளிரில் விரைவாக உறைந்து மூட்டைப் பிடிக்காது போகும். பூசப்படும் அரக்கு மெருகு ஈரக்காற்றில் வெண்மை படர்ந்து மங்கும். ஆகவே ஒட்டுவதையும் மெருகிடுவதையும் வெயில் ஏறிய நண்பகலுக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. அரக்கு என்றதும் இம்மாவட்டத்து ஹபுவிதக் கிராமம் நினைவுக்கு வருகிறது. தணலில் அரக்கை இளக்கி, நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலே மரத்தின் மேல் கோலமிடும் கைவினைஞர்களின் ஊர் அது. இலங்கையின் இத்தகைய கைவினைகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். அரக்குத் தொழிலுக்குத் தணல் வேண்டியதே. தணலுக்கோ திறந்த வெளி வேண்டும்.

இறுதியாக ஒன்று. கொட்டகை வண்டிக்கும் இருப்பிடமாதலால் அங்கே பெற்றோல் உண்டு. பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள தீப்பொறியையும் தேடிச் செல்லும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது போத்தலிலும் கலனிலும் பெற்றோலைச் சேர்த்து வைத்த பழக்கம் எந்த இல்லத்திலாவது எஞ்சியிருந்தால், அதனை இன்றே விட்டொழியுங்கள். மரத்தூளையும் அன்றன்றே கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

அண்மையில் அந்நண்பரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். கொட்டகையில் தணற்சட்டி இல்லை. மூலையில் மூடியிட்ட வெந்நீர்ப் பாத்திரம் இருந்தது. கதவு நான்கு விரற்கடை திறந்திருந்தது. அந்தப் பொங்கலுக்கு முடியாமற்போன மேசை, அடுத்த சித்திரைக்கு முடிந்ததாம். பேத்தி இப்போது உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கிறாள். காபனோரொட்சைட்டைப் பற்றி ஆசிரியர் கற்பித்த அன்று, வகுப்பிலே எழுந்து நின்று தன் கதையைச் சொன்னாளாம். அன்று மாலை வீடு திரும்பிய மாணவர் சிலர், தத்தம் வீட்டுக் கதவைத் தாமே திறந்து வைத்தனர் என்று அவள் சொன்னபோது, தாத்தா சீவுளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் இல்லத்துக் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.