சுவருக்குள் ஓடும் கம்பி



பழைய வீடொன்றில் மின்கம்பிகளை மாற்றிப் பூச்சு வேலை முடிந்தபின், மந்திரிப்பதற்கு நம்மை அழைத்திருந்தனர். திரு இருதயப் படத்தை மாட்டக் குடும்பத் தலைவர் ஆணி அறைந்தார். பொறி பறந்தது, வீடு இருண்டது. ஆணியைப் பிடித்திருந்த விரலை முன்பே எடுத்துவிட்டதால் உயிர் தப்பினார். "சுவாமி, குழாய்ச் செலவை மிச்சம் பிடிக்கச் சொன்னது நான்தான்" என்றார். குழாயின்றி, சுவிட்ச் பெட்டியிலிருந்து விளக்கிற்குச் சாய்வாகக் கம்பியை இழுத்து, அதன்மேல் பூசியிருந்தனர்.

உட்சுவர்ப் பூச்சின் கனம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டரே. படம் மாட்டும் ஆணியோ 40, 50 மில்லிமீட்டர் நீளமுள்ளது. பூச்சு மட்டுமே காவலாகிவிடாது.

ஆகவே சுவரில் ஆழமாகக் காடி வெட்டி, பி.வி.சி. குழாயை அசையாது பதித்து, கலவையால் மூடச் செய்யுங்கள். பூச்சு உலர்ந்தபின் குழாய்க்குள் கம்பியை இழுப்பதே நன்று. பின்னாளில் கம்பி பழுதுபட்டால் சுவரை உடையாமல் மாற்றலாம். கம்பிகளை நெருக்கித் திணிக்கலாகாது, சூடேறும்.

எனினும் அந்தக் குழாயும் ஆணியைத் தடுக்காது. எனவே குழாய் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ, கிடையாகவோதான் செல்ல வேண்டும்; சாய்வாகச் செல்லலாகாது. அவ்வாறாயின், பெட்டியைக் கண்டதுமே கம்பி ஓடும் இடத்தை ஊகிக்கலாம். பூசுமுன் சுவரைப் படம் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் உள்ள அளவுகளைக் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நில இணைப்புக் கம்பியை விட்டுவிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்துங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரையே அமர்த்துங்கள்.

பூசிய சுவருக்குள் இருக்கும் குறையை எவரும் காணார். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப்பின் அங்கே ஆணி அறையப் போகிறவர் நம் பேரனாகவோ, நாம் அறியாத ஒருவராகவோ இருக்கலாம். ஐந்தாம் கட்டளை கொலையை விலக்குவதோடு, உயிரைப் பேணவும் நம்மைப் பணிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலையை நேர்மையாகச் செய்து முடிப்பதும் பிறரன்பே.

திரு இருதயப் படத்திற்குரிய இடத்தைப் பூச்சுக்கு முன்பே முடிவு செய்து, மின்பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் மந்திரிக்க நம்மை அழையுங்கள், மகிழ்வுடன் வருவோம்.