றிப்போட்டில் எழுத்து இல்லையாம்!

பிள்ளையின் றிப்போட் வீட்டுக்கு வந்ததும் எம்மவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தினை ஏ?" ஊரில் ஒரு காலத்தில் அது "எத்தினை டி?" என்றிருந்தது. சாதாரண தரத்தில் எட்டு டி எடுத்த பிள்ளையை ஊர் முழுக்கத் தெரியும். எழுத்து மாறியது, கேள்வி மாறவில்லை.

இப்போது வளைகுடா நாடுகளில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் எம்மவர் சிலருக்கு அந்தக் கேள்விக்கே விடை கிடைப்பதில்லை. சிறு வகுப்பு றிப்போட்டில் "எதிர்பார்த்த நிலையில் உள்ளார்" என்றொரு வசனம் இருக்கிறது. பெரிய வகுப்பில் எழுத்துக்குப் பதிலாக இலக்கம் வருகிறது. இது முன்னேற்றமா, ஏமாற்றா என்று கேட்கிறார்கள்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். இங்கிலாந்து 2017இல் தன் ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சையில் எழுத்துக்களை விட்டு 9 முதல் 1 வரையான இலக்கங்களுக்கு மாறத் தொடங்கியது. வளைகுடாவில் பிரித்தானியப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் இந்த இலக்கங்கள் வந்துவிட்டன. இதில் 9தான் உச்சம். பழைய 'ஏ' தொடங்கிய இடத்தில் 7 தொடங்குகிறது. பழைய 'சி' தொடங்கிய இடத்தில் 4. "1" என்று கண்டதும் முதலாம் பிள்ளை என்று இனிப்புக் கொடுத்துவிட வேண்டாம்!

இந்தியப் பாடத்திட்டத்தின் கதை வேறு. பரீட்சைப் பயத்தைக் குறைக்கவென்று சி.பி.எஸ்.ஈ. சபை 2010இல் பத்தாம் வகுப்புப் பெறுபேற்றில் புள்ளிகளை விட்டு ஒன்பது எழுத்துத் தரங்களைக் கொடுத்தது. 91 எடுத்தவரும் ஏ1, 100 எடுத்தவரும் ஏ1. 90 எடுத்தவரோ ஏ2. 2018இல் புள்ளிகள் திரும்பி வந்தன. ஏ1 என்ற எழுத்தும் கூடவே நின்றது. ஆனால் அதன் கருத்து மாறிவிட்டது: ஒரு பாடத்தில் சித்தியடைந்தவர்களில் மேலே நிற்கும் எட்டிலொரு பங்கினருக்கே இப்போது ஏ1. அண்ணனின் ஏ1 வேறு, தங்கையின் ஏ1 வேறு. ஆகவே எழுத்து என்பது நாம் நினைப்பதுபோல் கல்லில் வெட்டியதல்ல.

பிள்ளைக்கு எது நல்லது? ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பாடசாலை மாணவர்களிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். படிப்பில் ஆர்வமும் அவர்களிடமே நிலைத்தது. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பினால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. புள்ளி கண்ணில் பட்டால் குறிப்பு மறைந்துவிடுகிறது. இது பிள்ளைகளுக்கு மட்டுமா, எங்களுக்கும்தான்.

ஆனாலும் எழுத்தை ஒழிப்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க முடியாது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்க்கும் 'ஏ' என்ற எழுத்து விளங்கும். அரைப்பக்க ஆங்கில வசனம் விளங்காது. அதை யார் வாசித்துச் சொல்வது? பிள்ளைதான்! தன் குறையைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை எதை விட்டுவிடும் என்று சொல்லவும் வேண்டுமா?

மற்றது, வளைகுடா எங்களுக்கு நிலையான இடமல்ல. அங்குள்ள ஆறு அரசுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. எம்மவர் பெரும்பாலும் வேலை விசாவில் இருக்கிறார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் பிள்ளையின் வகுப்பும் நடுவில் நிற்கும். அடுத்த பாடசாலை கொழும்பிலா, திருச்சியிலா, ரொறன்ரோவிலா என்று யாருக்குத் தெரியும்? வீடும் காணியும் விட்டு வந்த குடும்பத்துக்குக் கையில் கொண்டுபோகக்கூடிய சொத்து பிள்ளையின் படிப்புப் பத்திரம்தான். அதை அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எனவே நாம் சொல்வது இதுதான்: வகுப்பறையில் வசனம் இருக்கட்டும், ஊர் மாறும்போது கையில் தரமும் இருக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்குத் தாயும் தகப்பனும் கட்டாயம் போங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பிள்ளையை அல்ல, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளை எதைத் தனியாகச் செய்கிறார்? எதில் தடக்குப்படுகிறார்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத வசனம், எழுத்தைவிட எந்த வகையிலும் மேலானதல்ல.

ஒவ்வோர் ஆண்டு றிப்போட்டையும், தரங்களின் கருத்தை விளக்கும் பக்கத்தோடு, மூலப்பிரதியாகவே பத்திரப்படுத்துங்கள். நாடு மாற நேர்ந்தால் விடுகைப் பத்திரத்தில் பாடசாலை முத்திரையையும், தேவையான அத்தாட்சிகளையும் புறப்படுமுன்பே பெற்றுவிடுங்கள். பிறகு தூரத்திலிருந்து பெறுவது பெரும்பாடு.

இன்னுமொன்று. லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் எத்தினை ஒன்பது எடுத்தான் என்று தொலைபேசியில் கேட்டு, அதைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். றிப்போட்டிலிருந்து எழுத்தை எடுப்பது பாடசாலையின் வேலை. வீட்டுப் பேச்சிலிருந்து அதை எடுப்பது எங்கள் வேலை.