குடிக்கூலியும் குடியிருப்போர் உரிமையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டையும் மக்கள் விலைகொடுத்துத் தமதாக்கிக்கொள்வர். மூன்றாவதனையோ பலர் வாழ்நாள் முழுதும் கூலி கொடுத்தே துய்க்கின்றனர். நிலையான இல்லத்தைப் புக்கில் என்றும், ஒதுங்கியிருக்கும் இடத்தைத் துச்சில் என்றும் நம் முன்னோர் வேறுபிரித்து வழங்கினர். உடம்பினுள் உயிர் இருக்கும் இருப்பினைக் கூறவந்த வள்ளுவனாரும் துச்சில் என்னும் சொல்லையே ஆண்டார். யாம் ஈண்டுக் கூறப்புகுவது அத்துணை உயர்ந்த பொருளன்று. விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் முதலிய ஊர்களில் ஓரறையும் ஓரடுக்களையும் கொண்ட துச்சில்களில் வாழும் தொழிலாளர், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலத்துப் படும் இடர்ப்பாடும், சட்டம் அவர்க்குத் தரும் காவலுமே இக்கட்டுரைப் பொருளாம்.

சிவகாசித் தொழிலாளிக்கு ஆண்டு என்பது தீபாவளிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட காலமாகும். பண்டிகைக்கு முன்னர்க் கையில் சிறிது பணம் புழங்கும். பண்டிகை கழிந்தபின் வேலை அருகும். மழை பெய்யின் மருந்து உலராது. கூலியோ பெரும்பாலும் செய்த வேலையின் அளவுக்கே. வாடகை மட்டும் திங்கள்தோறும் தவறாது வந்து வாயிலில் நிற்கும். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசு வெடிக்க நேரவரையறை செய்து, பேரியம் உப்புக்களையும் விலக்கியதன் பின்னர், ஆலைகள் பல மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. கூலியின்றி மக்கள் தவித்த அந்நாட்களிலேதான், 2019 பிப்ரவரி 22இல், வீட்டுடைமையாளர், வாடகைதாரர் ஆகியோருடைய உரிமைகளையும் பொறுப்புக்களையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த திங்கள் வாடகைக்கு வழி தேடியவர்களுள் எத்துணைப் பேர் அதனை அறிந்திருப்பர்?

அச்சட்டம் நீக்கிய பழைய சட்டம் 1960ஆம் ஆண்டினது. அஃது இயற்றப்பெற்ற போது முதலமைச்சராயிருந்தவர் விருதுநகரிற் பிறந்த காமராசர். அவர்தாமும் சென்னைத் தியாகராய நகரில் ஒரு வாடகை வீட்டிற் குடியிருந்து, 1975இல் அவ்வீட்டிலேயே காலமானார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தக் காலம் முடிந்தது என்னும் காரணத்தால் மட்டும் ஒருவனை வெளியேற்றல் இயலாது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உடைமையாளர் தாமே குடிவருதல், இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களுள் ஒன்றை மெய்ப்பித்தல் வேண்டும். இதனாற் சிலர் பல்லாண்டுகள் மிகச் சிறு வாடகைக்கு இருந்து உடைமையாளரை வருத்தியதும் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. புதிய சட்டமோ இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. இருவரும் எழுதிக்கொண்ட காலமே குடியிருக்கும் காலம். அது நீளவேண்டுமாயின் இருவரும் இசைந்து நீட்டித்தல் வேண்டும். ஆதலின், முன்னர்ச் சடங்குபோல் நிகழ்ந்த புதுப்பித்தல் இப்பொழுது குடியிருப்போர்க்கு உயிர்நிலையாயிற்று. இதனை நம் மக்கள் இன்னும் உணர்ந்தாரில்லை.

நம்மூர்களில் நடப்பது யாது? பதினொரு திங்களுக்கு முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதுவர். அது முடிந்ததும் வாய்ச்சொல்லாகவே மேற்கொண்டு இருப்பர். பதினொரு திங்கள் என்னும் வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தல் வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தினின்று தப்புதற்குத் தோன்றியது. புதிய சட்டத்தின்முன் அவ்வுபாயம் செல்லாது. வாடகைக் காலம் எவ்வளவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும். எழுதிய 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிதல் வேண்டும். அவ்வதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பதிவுக்கு உடைமையாளரே விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம், இணையத்தின் வாயிலாகவே அதனைச் செய்யலாம்.

காலம் முடிந்தும் புதுப்பியாமலும் காலி செய்யாமலும் இருப்பின், பழைய நிபந்தனைகளின்படியே மாதத்திற்கு மாதமாக, மிகுதியாய் ஆறு திங்கள் வரையில், அவ்வாடகை நீண்டதாகக் கொள்ளப்படும். குடியிருப்புரிமை முற்றும் முடிந்தபின்னும் வெளியேறாதவர்பால் உடைமையாளர் குறைந்தது இருமடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம். எனவே, 'வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லையே' என்று வாளாவிருத்தல் தகாது. ஒப்பந்தத்திற் குறித்த காலத்திற்குள், புதுப்பிக்குமாறு எழுத்தில் வேண்டி, அதன் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும். உடைமையாளரும், வாடகையை உயர்த்த விரும்பின், உயர்ந்த வாடகை தொடங்குதற்கு மூன்று திங்கள் முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். முதல் தேதியன்று வாயிலில் நின்று, 'இம்மாதம் முதல் ஐந்நூறு கூடுதல்' என்பது சட்டத்திற்கு ஒவ்வாத செயலாம்.

முன்பணத்தைப் பற்றியும் சிறிது கூறுவாம். வேறு உடன்பாடு இல்லையாயின் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்பட்டு முன்பணம் வாங்குதல் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு திங்களுக்குள், கழிக்கவேண்டியன கழித்து, எஞ்சியதைத் திருப்பித் தருதல் வேண்டும். சுவருக்கு வண்ணம் பூச என ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஒப்பந்தத்தில் இருந்தாலன்றி அதற்கு வலியில்லை. குடியிருப்போரை வெளியேற்றக் கருதி, நீர்க்குழாயை அடைத்தலையும் மின்னிணைப்பைத் துண்டித்தலையும் சட்டம் வெளிப்படையாக விலக்குகின்றது. மழை குறைந்த இக்கரிசற்பூமியில் குழாயை அடைத்தல் எத்துணைக் கொடிது என்பதை இவ்வூரார்க்கு யாம் விரித்துரைத்தல் வேண்டா. மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 அலகு வரையில் 2016 முதல் கட்டணமில்லை. ஆயினும், உள்மீட்டர் வைத்து முதல் அலகிலிருந்தே தம் விருப்பம்போல் விலை வாங்கும் உடைமையாளர் பலர் உளர். ஏழைக்கென அரசு அளித்ததனை இடையில் நிற்பவர் விற்றுக் காசாக்குதல் எவ்வகை நியாயமோ அறியேம்.

நிற்க. இச்சட்டத்தில் எமக்கு உடன்பாடில்லாத பகுதியும் ஒன்றுண்டு. சட்டம் வருமுன்னரே வாய்ச்சொல்லால் குடியேறியிருந்தோரும் உடைமையாளரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளல் வேண்டும் எனக் காலவரை கொடுக்கப்பட்டது. அவ்வாறு செய்யத் தவறின், அத்தவறே குடியிருப்பவரை வெளியேற்றுதற்குரிய காரணங்களுள் ஒன்றாம். ஒப்பந்தம் செய்ய இருவர் வேண்டும். ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் ஒப்பந்தம் தவறும். மறுத்தவர் உடைமையாளரே ஆயினும் வீட்டை இழப்பவர் குடியிருப்பவர்! முப்பதாண்டு ஒரு வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்த மூதாட்டி, தன் பிழையொன்றும் இன்றியே தெருவில் நிற்க இஃது இடந்தருகின்றது. குடியிருப்பவர் எழுத்தில் வேண்டியும் உடைமையாளர் மறுத்தாராயின் அக்காரணம் அவர்க்குப் பயன்படாது என்று ஒரு வரி சேர்த்துச் சட்டத்தைத் திருத்துதல் வேண்டும் என்பது எம் துணிபு. உடைமையாளருள்ளும் ஒற்றை வீட்டு வாடகையையே நம்பி உண்ணும் கைம்பெண்டிர் உளர். நேர்மையான அவர்களுக்கு இவ்வொரு வரியால் யாதோர் இழப்பும் இல்லை.

இனி, இப்பக்கத்தில் ஒத்தி எனவும் வடபாலில் போக்கியம் எனவும் வழங்கும் முறை உண்டு. இலட்சக்கணக்கான தொகையை மொத்தமாய்க் கொடுத்து, வாடகையின்றி இரண்டு மூன்றாண்டு குடியிருந்து, முடிவில் தொகையைத் திரும்பப் பெறுதலே இது. தொழிலாளர் பலர் மாதவாடகைக்கு அஞ்சி, நகையை அடகுவைத்தும் சீட்டுப்பணம் எடுத்தும் இதிற் போடுகின்றனர். ஒத்தி வெறும் வாடகையன்று. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி அஃது அனுபவ அடைமானம். முறைப்படி எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்த ஒத்தியாயின், தொகை திரும்பும்வரை வீட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பதியாத தாளாயின், கொடுத்த பணம் வெறுங்கடனாய் நின்றுவிடும். வீடு பிறர்க்கு விற்கப்படினும், உடைமையாளர் பட்ட கடனுக்கு வங்கியார் வந்து பூட்டினும், அத்தாளைக் காட்டி அங்கே இருத்தல் இயலாது. இங்ஙனமாகவும், செலவுக்கு அஞ்சிப் பலர் ஒத்தியைப் பதிவதில்லை. புதுப்பிக்கும்போதும் பழைய தாளின் பின்புறத்தே 'மேலும் இரண்டாண்டு' என்று எழுதி ஒப்பமிடுவதோடு அமைகின்றனர். பதிவுச் செலவு பெரிதாயினும், அதனை வாழ்நாட் சேமிப்போடு ஒப்புநோக்கல் வேண்டும். பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தலும் இன்றியமையாதது; புதுப்பிக்கும்போதும் மீண்டும் எடுத்தல் வேண்டும், இடைக்காலத்தில் வீட்டின்மேல் வேறு கடன் ஏறியிருத்தல் கூடுமாதலின்.

முடிவு நாளைக் குறிப்பதிலும் நம்மவர் கருத்துச் செலுத்துவதில்லை. கார்த்திகையிலோ மார்கழியிலோ முடியுமாறு எழுதிய ஒப்பந்தம், வேலையும் கூலியும் அருகிய காலத்தில் புதுமுன்பணம் தேடவைக்கும். மார்கழியிலும் ஆடியிலும் குடிபெயரார் என்னும் வழக்கமும் குறுக்கே நிற்கும். பள்ளி விடுமுறை தொடங்கும் சித்திரையில் முடியுமாறு எழுதின் பிள்ளைகளின் படிப்பும் கெடாது. விடியுமுன் ஆலை வண்டியேறிப் பொழுதுசாய வீடு திரும்பும் ஒருவர் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருத்தல் அரிது. நம் கல்லூரியிலோ அத்தெருக்களிலிருந்தே வரும் மாணவர் பலர் உளர்; கையில் தொலைபேசியும் உண்டு. பெற்றோரின் ஒப்பந்தத்தை இன்றே எடுத்து, அது முடியும் நாள் யாதெனப் பார்த்து, பதியப்படவில்லையாயின் 90 நாட்கள் கழியுமுன் பதிந்து கொடுத்தல் அவர்க்கு ஒரு மாலைப்பொழுதின் வேலையே.